எடை குறைப்பு அறுவை: ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா? கழித்துக் கழித்து முடிவு செய்யும் வழி

என்னிடம் போனில் பேசுபவர்கள் எல்லாரும் எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, ஸ்லீவ் நல்லதா, பைபாஸ் நல்லதா?" என்றுதான் கேட்கிறார்கள். இரண்டும் இரைப்பையைச் சுருக்கி எடையைக் குறைக்கும் அறுவைகள். எது நல்லது என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. 2018இல் நான் அதைத்தான் முதலில் கேட்டேன், ஸ்லீவ் செய்துகொண்டேன், மூன்று வருடம் நெஞ்செரிச்சலால் மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து பாதி உட்கார்ந்தபடியே தூங்கினேன், 2021இல் அதையே பைபாஸாக மாற்றிக்கொள்ள மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன்.

அதற்கப்புறம் என் தம்பி, சித்தி, தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேருக்குத் துணையாக மருத்துவமனை நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: எந்த அறுவை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் டெஸ்ட் எடுக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். உங்கள் உடம்புக்கு எது ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். அந்த இடத்தில் டாக்டரோடு உட்கார்ந்து பேசினால் போதும்.

நான் டாக்டர் இல்லை. டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

## 1. முதலில், நீங்கள் இந்த வரிசையில் நிற்க வேண்டியவரா?

எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். 160 செ.மீ. உயரம், 96 கிலோ என்றால் 37.5 வரும். அதுதான் பிஎம்ஐ. உயரத்தைச் சுவரில் பென்சில் கோடு போட்டு இன்றைக்கு அளந்துகொள்ளுங்கள். காலேஜ் ஐடி கார்டில் இருந்த உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்றிரண்டு புள்ளி மாறிவிடும். இன்சூரன்ஸில் அந்த ஒரு புள்ளிக்கே காசு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

1991இல் அமெரிக்காவில் வகுத்த பழைய கோடு: பிஎம்ஐ 40, அல்லது 35உடன் சர்க்கரை, பிபி போன்ற நோய். 2022இல் உலக அளவிலான அறுவை நிபுணர் சங்கங்கள் இதை இறக்கின. 35 இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், 30 முதல் 35 வரை சர்க்கரை போன்ற நோய் இருந்தால் யோசிக்கலாம், ஆசிய உடம்புக்கு 27.5 தாண்டினாலே பேச்சைத் தொடங்கலாம் என்றன. நம் ஆட்களுக்குக் கோடு ஏன் கீழே? அதே எடையில் நமக்குத் தொப்பையில் கொழுப்பு அதிகம், சர்க்கரையும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

இந்த எண் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். 28இல் இருப்பவர் நேராக அறுவைக்கு ஓட வேண்டாம். செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற வார ஊசிகள் 2025இலிருந்து எடைக்காகவே இங்கும் கிடைக்கின்றன. அதையும் ஒரு வழியாக வைத்துப் பேசிப் பாருங்கள். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும், மாதாமாதம் செலவும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

## 2. ஃபைல் தயார் செய்யாமல் சர்ஜனைப் பார்க்கப் போகாதீர்கள்

அந்தக் கன்சல்டேஷன் பதினைந்து நிமிடம்தான். அதில் பத்து நிமிடம் "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" "வெள்ளையா, சின்னதா ஒண்ணு டாக்டர்" என்றே போய்விடுகிறது. போகும் முன்பே ஒரு ஃபைல் போட்டுக்கொள்ளுங்கள்:

- இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும், மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரை, அசிடிட்டி மாத்திரை உட்பட
- எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, கல்லீரல், சிறுநீரக ரிப்போர்ட்டுகள்
- வயிற்று ஸ்கேன் (பித்தப்பைக் கல், கொழுப்புக் கல்லீரல் தெரியும்)
- எண்டோஸ்கோபி ரிப்போர்ட், படங்களோடு
- முன்பு செய்த அறுவைகளின் டிஸ்சார்ஜ் சம்மரி. சிசேரியன், ஹெர்னியா எல்லாம் சேர்த்து
- எந்த வயதில் எந்த எடை, எந்த டயட்டில் எவ்வளவு குறைந்து எவ்வளவு திரும்பியது என்று ஒரு பக்கம்

கடைசிப் பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்சூரன்ஸுக்கும் அது வேண்டும், டாக்டருக்கும் அதுதான் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

ராத்திரி குறட்டை பலமாக இருந்தால், பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிழுந்தால், தூக்கப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பது தெரியாமல் மயக்கமருந்து கொடுப்பது ஆபத்து. தெரிந்திருந்தால், காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவும் சிபாப் மெஷினைச் சில வாரம் முன்பே போட்டுப் பழக்கிவிடுவார்கள்.

## 3. ஒவ்வொன்றும் வயிற்றுக்குள் என்ன செய்கிறது

எல்லாமே லேப்ராஸ்கோப்பிதான். வெளியே நாலைந்து சின்னத் தழும்பு. வித்தியாசம் முழுக்க உள்ளே.

ஸ்லீவ். இரைப்பைக்குள் விரல் தடிமனில் ஒரு குழாயை விட்டு, அதை ஒட்டி ஸ்டேப்ளர் போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டியெடுத்த மேல்பகுதியில்தான் சுரக்கும். அதனால் பசியும் இறங்கும். குடலைத் தொடுவதில்லை. வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது.

பைபாஸ். முழுப்பெயர் ரூ-என்-ஒய். இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சின்னப் பை செய்து, சிறுகுடலை வெட்டி மேலே இழுத்து அதோடு இணைப்பார்கள். இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் இரண்டு மூன்று மூடி ஊற்றிப் பாருங்கள், அதுதான் 30 மி.லி. பழைய இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு அந்தப் பக்கம் போகாது. இரண்டு இடத்தில் இணைப்பு.

மினி பைபாஸ். நீளமான ஒடுங்கிய பை, ஒரே ஒரு இணைப்பு, பெரும்பாலும் 150 முதல் 200 செ.மீ. வரை குடலைத் தாண்டிவிடுவார்கள். "மினி" என்ற பெயரைப் பார்த்துச் சின்ன ஆபரேஷன் என்று நினைத்துவிடாதீர்கள். இணைப்பு ஒன்று குறைவு, அறுவை நேரமும் குறைவு. சத்து உறிஞ்சுவதை அது குறைக்கும் அளவு மினி இல்லை.

இதற்கு மேல் டியோடினல் ஸ்விட்ச், சாடி என்று குடலை இன்னும் அதிகம் தாண்டும் அறுவைகள் உண்டு. மிக அதிக எடைக்கும், முதல் அறுவை பலிக்காதவர்களுக்கும், பழகிய கைகள் உள்ள சில இடங்களில் செய்கிறார்கள். இரைப்பையைச் சுற்றி வளையம் போடும் பேண்டை இப்போது யாரும் அதிகம் பரிந்துரைப்பதில்லை. பலூன் என்பது அறுவையே இல்லை. ஆறு மாதம் வயிற்றுக்குள் இருக்கும், எடுத்தபின் எடை பெரும்பாலும் திரும்பிவிடும்.

## 4. முதல் வடிகட்டி: எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டும் உங்கள் நெஞ்செரிச்சலும்

இந்தப் பகுதியை நீளமாகவே எழுதப் போகிறேன். என்னிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஸ்லீவ் செய்தபின் இரைப்பை ஒடுங்கிய குழாயாகிவிடுகிறது. குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது. கீழ்வாசல் சாத்தியே இருக்க, மேல்வாசல் கொஞ்சம் தளர்ந்தாலும் அமிலம் மேலே ஏறும். ஏற்கெனவே எதுக்களிப்பு இருப்பவருக்கு அது கூடும், இல்லாத சிலருக்குப் புதிதாக வரும். பைபாஸில் பை சின்னது, அமிலம் சுரக்கும் பெரும்பகுதி தனியாகக் கிடக்கிறது, அதனால் எரிச்சல் பெரும்பாலும் அடங்கும்.

பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் 240 பேருக்குக் குலுக்கல் முறையில் செய்து பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். ஸ்லீவ்பாஸ் என்று பெயர், 2022இல் பத்து வருட முடிவு வந்தது. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். இந்த ஒரு வரியை 2018இல் யாராவது என் காதில் போட்டிருந்தால் என்று நினைப்பேன். ஆனால் அப்போது அந்த முடிவே வந்திருக்கவில்லை.

என் முதல் எண்டோஸ்கோபி ரிப்போர்ட் இன்னும் இருக்கிறது. கீழே சிறிய எழுத்தில் "லேக்ஸ் எல்இஎஸ், ஹில் கிரேட் 3" என்று ஒரு வரி. உணவுக்குழாயின் அடிவாசல் தளர்ந்திருக்கிறது, இறுகச் சாத்தவில்லை என்று அர்த்தம். "நார்மல்தானே டாக்டர்?" என்று கேட்டேன், "பெரிசா ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள், நானும் ஃபைலை மூடிவிட்டேன். அறுவை முடிந்து எட்டாவது மாதம், ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்த ஒரு இரவு இரண்டு மணிக்குத் தொண்டை வரை புளித்த தண்ணீர் ஏறி, மூச்சு அடைத்து எழுந்தேன். அடுத்த மூன்று வருடமும் அப்படித்தான்.

அதனால் ரிப்போர்ட்டில் இந்த வார்த்தைகள் இருக்கின்றனவா என்று விரலை வைத்துத் தேடுங்கள்: ஹையாடஸ் ஹெர்னியா (இரைப்பை நெஞ்சுப் பக்கம் ஏறி நிற்பது), ஈசோஃபேஜைடிஸ் (உணவுக்குழாய்ப் புண்), அதன் பக்கத்தில் புண்ணின் அளவைச் சொல்லும் எல்.ஏ. கிரேட் ஏ, பி, சி, டி, பேரட்ஸ் (அமிலம் பட்டு உணவுக்குழாயின் உட்சுவர் மாறியிருப்பது), ஹில் கிரேட். சி, டி, பேரட்ஸ் என்றால் ஸ்லீவைக் கழித்துவிடச் சொல்லும் டாக்டர்களே அதிகம். லேசான ஹெர்னியா என்றால் அதைத் தைத்துவிட்டே ஸ்லீவ் செய்யலாம் என்பார்கள். செய்யலாம்தான். ஆனால் அதன் பிறகும் எரிச்சல் வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று அப்போதே கேளுங்கள்.

எண்டோஸ்கோபிக்குப் போகும் முன் இரண்டு வேலை. ஒன்று, தினமும் பேன்டோபிரசோல் என்ற அசிடிட்டி மாத்திரை போடுபவர் என்றால் அதைச் சொல்லுங்கள். மாத்திரையின் தயவில் புண் ஆறியிருக்கும், ரிப்போர்ட் அழகாக வரும், உங்கள் எரிச்சல் காகிதத்தில் இருக்காது. இரண்டு, ஹெச். பைலோரி கிருமிக்குச் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மருந்து கொடுத்து ஒழித்துவிட்டுத்தான் அறுவை. இந்த மாத்திரை அந்தக் கிருமியையும் ஒளித்துவைக்கும், ஆகவே எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்லீவுக்குச் சாதகமான ஒரு வாதமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பைபாஸில் தனியாக விடப்படும் பழைய இரைப்பையைச் சாதாரண எண்டோஸ்கோபியால் பிற்காலத்தில் எட்ட முடியாது. வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், தராசு மறுபக்கம் சாயலாம்.

## 5. இரண்டாவது வடிகட்டி: சர்க்கரை எத்தனை வருடம்?

"பைபாஸ் பண்ணினா சர்க்கரை போயிடும்" என்பது பாதி உண்மை. எப்போது வந்தது, இன்சுலின் போடுகிறீர்களா, கணையத்தில் இன்சுலின் சுரக்க இன்னும் சரக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கடைசி விஷயத்துக்கு சி-பெப்டைட் என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. சர்க்கரை உள்ளவர் அதை எடுக்காமல் அறுவையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வந்து இரண்டு மூன்று வருடம்தான், மாத்திரை மட்டும் என்றால் ஸ்லீவிலும் பைபாஸிலும் நல்ல பலன் கிடைக்கும். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் பைபாஸின் கூடுதல் பலம் பயன்படும் என்பது டாக்டர்கள் பலரின் கணக்கு. பதினைந்து வருடம், இன்சுலின் இரண்டு வேளை என்றால் எந்த அறுவையும் சர்க்கரையை முழுசாகத் துடைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

என் தம்பிக்குப் பதினான்கு வருடச் சர்க்கரை. பைபாஸ் செய்தபின் 60 யூனிட் இன்சுலின் 12க்கு வந்தது. டாக்டருக்குச் சந்தோஷம், அவனுக்கு முகம் செத்துவிட்டது, ஏனென்றால் யாரோ அவனிடம் "ஜீரோ" என்று சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவில் 150 பேரை வைத்து நடந்த ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்து வருட முடிவில் எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. மருந்தைவிட அறுவை எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு அறுவைக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைக்கும் அளவு இல்லை என்பதையும் பாருங்கள்.

## 6. மூன்றாவது வடிகட்டி: மாத்திரை டப்பா, பீடி, பாட்டில்

மூட்டு வலி மாத்திரை. எடை கூடியவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, கைப்பையில் டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ இருக்கும். பைபாஸ், மினி பைபாஸ் செய்தபின் இந்த வகை மாத்திரைகள் இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கும். ரத்தம் கசியலாம், ஓட்டையும் விழலாம். பாரசிட்டமால் மட்டும் போதுமா, அல்லது வாதநோய்க்காக இந்த மாத்திரை இல்லாமல் ஓட்டவே முடியாதா? முடியாது என்றால் ஸ்லீவ் பக்கம் தள்ளும் பெரிய காரணம் அது.

புகை. அதே இடத்தில் அதே புண். மினி பைபாஸ், பைபாஸ் இரண்டுக்கும் புகைப்பவர் தகுதியில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லீவிலும் தையல் ஆறாமல் போகலாம். குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தி, அப்புறமும் தொடக்கூடாது. டாக்டரிடம் "விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசல் டீக்கடையில் பற்றவைத்த ஒருவருக்கு நான் துணைக்குப் போயிருந்தேன். அவருக்கு நான்காவது மாதம் ரத்த வாந்தி.

மது. அறுவைக்குப் பின் போதை சீக்கிரமாகவும் அதிகமாகவும் ஏறும். சாப்பாட்டில் இருந்த பிடிப்பு சிலருக்குப் பாட்டில் பக்கம் திரும்பிவிடுகிறது. இதைக் குடும்பத்தின் முன்னால் கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை, டாக்டரைத் தனியாகப் பார்க்கும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள்.

வலிப்பு, மனநல, தைராய்டு மாத்திரை, உறுப்பு மாற்று மருந்து சாப்பிடுபவர்கள், குடலைத் தாண்டும் அறுவையில் அந்த மருந்து எவ்வளவு உடம்பில் சேரும் என்று கேளுங்கள். நீண்ட நேரம் மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள்.

## 7. நான்காவது வடிகட்டி: ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடும் ஆளா நீங்கள்?

நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கை மூன்றாம் நாள் நிறுத்துபவரா? அப்படியென்றால் குடலை அதிகம் தாண்டும் அறுவை உங்களுக்கு ஆபத்து.

எந்த அறுவையானாலும் மல்டிவைட்டமின், கால்சியம், வைட்டமின் டி, பி12, இரும்பு என்று வாழ்நாள் முழுதும் உண்டு. அளவு மட்டும் மாறும். கால்சியத்தில் சிட்ரேட் வகை நல்லது, அது ஜீரணமாக அமிலம் தேவையில்லை. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். வருடம் ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை.

மினி பைபாஸில் இது இன்னும் கறார். பிரான்ஸில் நடந்த யோமெகா ஆய்வில், 2019இல் வெளியானது, மினி பைபாஸும் பைபாஸும் இரண்டு வருடத்தில் எடையில் சமமாக வந்தன. ஆனால் மினியில் வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் அதிகம். அதில் 200 செ.மீ. குடலைத் தாண்டினார்கள். ஆகவே மினி பைபாஸ் என்று டாக்டர் சொன்னால், "எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே பேச்சின் தரம் மாறும். பித்தநீர் மேலே ஏறும் வாய்ப்பும் மினியில் உண்டு, முன்பே எரிச்சல் இருந்தவர்கள் அதையும் கேட்க வேண்டும்.

புரதக் கணக்கு தனி. தினமும் 60 கிராமாவது வேண்டும், அதுவும் ஒரு வேளைக்குச் சின்னக் கிண்ணம் மட்டும் கொள்ளும் வயிற்றில். முட்டை ஒன்றுக்கு 6 கிராம், ஒரு டம்ளர் பால் 6 சொச்சம், ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலை 14 போல, பனீர் 100 கிராமுக்கு 18. இட்லி ஒன்றில் 2தான். சுத்த சைவக்காரர்கள் அறுவைக்கு முன்பே ஒரு வாரம் இட்லி சாம்பாரைத் தள்ளிவைத்து இந்தக் கணக்கில் சாப்பிட்டுப் பாருங்கள். எங்கள் தெரு மாமா ஒருவர், முட்டைகூடத் தொடாதவர், மினி பைபாஸ் செய்து ஒன்றரை வருடத்தில் இரண்டு காலும் வீங்கி வந்தார். இதயமோ கிட்னியோ என்று பயந்து ஓடினோம். ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் தரையில் கிடந்தது. புரதப் பவுடரின் வாடை பிடிக்காமல் ஆறு மாதத்திலேயே நிறுத்தியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.

## 8. எடைக் கணக்கை இரண்டு மொழியில் கேட்டுப் பாருங்கள்

விளம்பரத்தில் "75 சதவீதம் எடை குறையும்" என்று இருக்கும். எதில் 75?

160 செ.மீ., 96 கிலோ ஆளையே எடுப்போம். அந்த உயரத்துக்கு பிஎம்ஐ 25 என்றால் 64 கிலோ. ஆக 32 கிலோ "அதிக எடை". 24 கிலோ குறைந்தால் அதிக எடையில் 75 சதவீதம், மொத்த எடையில் 25 சதவீதம். அதே 24 கிலோதான். காகிதத்தை வாங்கி, "எத்தனை கிலோவில் நிற்பேன் டாக்டர், ஐந்து வருடம் கழித்து?" என்று கேளுங்கள்.

பொதுவாக மொத்த எடையில் ஸ்லீவ் சுமார் 25, பைபாஸ் சுமார் 30 சதவீதம் குறைக்கும். ஒன்றரை வருடத்தில் அடிமட்டம் தொட்டு, அப்புறம் கொஞ்சம் ஏறும், பெரும்பாலும் எல்லாருக்கும். பிஎம்ஐ 50 தாண்டியவர்களுக்கு ஸ்லீவ் மட்டும் போதாமல் போகலாம். அதை முதல் படியாக வைத்து, தேவைப்பட்டால் பிறகு பைபாஸோ சாடியோ செய்யலாம் என்று திட்டமிடுவது உண்டு. திட்டமிட்டுச் செய்யும் இரண்டாவது அறுவை வேறு, என்னுடையது போல வேறு வழியில்லாமல் செய்தது வேறு.

## 9. கல்யாணம், குழந்தை என்று யோசிக்கும் பெண்களுக்கு

அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கருத்தரிக்கக் கூடாது. எடை வேகமாக இறங்கும் காலம், குழந்தைக்குச் சத்து போகாது. பிசிஓடியால் மாதக்கணக்கில் பீரியட்ஸ் வராத பெண்களுக்கு எடை குறைந்ததும் சட்டென்று கரு நிற்கும் வாய்ப்பு கூடும். "எனக்கு எங்கே நிற்கப் போகுது" என்று அசட்டையாக இருந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், ஆகவே வேறு முறையை முன்பே முடிவு செய்யுங்கள்.

## 10. இப்போது சர்ஜனிடம் போங்கள்

இதற்குள் உங்கள் கையில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கும். கேட்க வேண்டியவை:

- இந்த வருடம் இந்த அறுவையை நீங்கள் எத்தனை செய்தீர்கள்? (எல்லாருக்கும் ஸ்லீவ் மட்டுமே செய்யும் இடத்தில் உங்களுக்கும் ஸ்லீவ்தான் சொல்வார்கள்)
- என் எண்டோஸ்கோபியையும் சி-பெப்டைட்டையும் வைத்துப் பார்த்தால் எதைக் கழிப்பீர்கள், ஏன்?
- இது பலிக்காவிட்டால் அடுத்து எதற்கு மாற்ற முடியும்?
- ராத்திரி இரண்டு மணிக்குத் தையல் இடத்தில் கசிவு என்றால் இங்கே ஐசியு, சிடி ஸ்கேன், மயக்க மருத்துவர் இருப்பார்களா?
- ஃபாலோ-அப்பை யார் பார்ப்பார்கள், டயட்டீஷியன் எத்தனை மாதம் வரை?

கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள். வெளியூரில் போய்ச் செய்துவிட்டு, இரண்டாவது விசிட்டோடு நிறுத்துபவர்களே அதிகம். பஸ் செலவும் ஒரு நாள் லீவும் சேர்ந்து பி12 டெஸ்ட்டைத் தின்றுவிடும். உங்கள் ஊரிலேயே ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டை அனுப்பினால் பார்ப்பார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னிக்கு அட்வான்ஸ் கட்டினா டிஸ்கவுண்ட்" என்று சொல்லும் இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இன்னொரு டாக்டரிடமும் அதே ஃபைலைக் காட்டுங்கள், முதல் டாக்டர் சொன்னதைச் சொல்லாமல்.

## 11. இன்சூரன்ஸ்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதி: டாக்டர் பரிந்துரை இருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல், அல்லது 35ஓ அதற்கு மேலோ இருந்து, மற்ற எடை குறைப்பு முயற்சிகள் தோற்று, கூடவே கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவை இருக்க வேண்டும். மருத்துவச் சங்கங்கள் இறக்கிய கோடு இங்கே இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிஎம்ஐ 33 உள்ளவருக்கு அறுவை சரியாக இருக்கலாம், கேஷ்லெஸ் கிடைக்காமலும் இருக்கலாம்.

பாலிசியில் காத்திருப்புக் காலமும் இருக்கும். ப்ரீ-ஆத்தரைசேஷன் (முன் ஒப்புதல்) கடிதம் கையில் வராமல் தேதி குறிக்காதீர்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், அந்த அறுவை பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலேயே கேளுங்கள், சொந்தக்காரர்களிடம் கேட்காதீர்கள்.

## 12. தேதி குறித்த பின்

இரண்டு வாரம் முன்பிருந்து கலோரி குறைந்த டயட் கொடுப்பார்கள். எடை குறைக்க என்று நினைத்து, "ஆபரேஷன்ல குறையத்தானே போகுது" என்று முந்தின வாரம் பிரியாணி விருந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த டயட் கல்லீரலுக்காக. கொழுப்பு ஏறிய கல்லீரல் இரைப்பையின் மேல் படுத்திருக்கும், அதைச் சுருக்கினால்தான் கருவி உள்ளே போக இடம் கிடைக்கும்.

சர்க்கரைக்கு டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகை மாத்திரை போடுபவர்கள் எந்த நாளில் நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். பட்டினியோடு அது சேர்ந்தால் சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகலாம். வார ஊசி போடுபவர்கள் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள், சாப்பாடு வயிற்றில் வழக்கத்தைவிட அதிக நேரம் தங்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு வாரம் திரவம், அப்புறம் மசித்தது, அப்புறம் மெத்தென்றது, பிறகுதான் கெட்டி உணவு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். நம் ஊர் ஆட்களுக்கு மிகக் கஷ்டமான விதி இதுதான், தட்டுப் பக்கத்தில் சொம்பையே வைக்காதீர்கள். மூன்றாம் மாதம் முடி கொட்டும், பயந்து எண்ணெய் மாற்ற வேண்டாம், புரதத்தைப் பாருங்கள். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு மாத்திரை எழுதுவார்கள், அதை விடாதீர்கள்.

நாடித்துடிப்பு 120ஐத் தாண்டி நிற்பது, காய்ச்சல், மூச்சுத்திணறல், இடது தோளில் வலி, அடங்காத வயிற்று வலி: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், அறுவை செய்த இடத்துக்கே கிளம்புங்கள். கேஸ் பிரச்சினை என்று இஞ்சிச் சாறு கொடுத்து ஒரு நாளைக் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விடாத வாந்தி தனி ஆபத்து. இரண்டு மூன்று நாள் எதுவும் தங்கவில்லை என்றால் உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) ஆபத்தான அளவுக்குக் குறையலாம். பக்கத்துக் கிளினிக்கில் நல்லெண்ணத்தோடு வெறும் குளுக்கோஸ் ஏற்றுவார்கள், அது மூளையையே பாதிக்கலாம். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு.

அதனால் கடைசி வேலை, பர்ஸில் வைக்க ஒரு சின்ன அட்டை. எந்த அறுவை, எந்தத் தேதி, சர்ஜன் நம்பர், "டைக்ளோஃபெனாக் வகை வேண்டாம்", "குளுக்கோஸுக்கு முன் தயமின்", "மூக்கு வழிக் குழாயை சர்ஜனைக் கேட்காமல் போட வேண்டாம்" என்று எழுதி லேமினேட் செய்துகொள்ளுங்கள். பத்து ரூபாய்க்கு ஜெராக்ஸ் கடையிலேயே செய்து தருவார்கள். என் அட்டையில் அறுவை என்ற இடத்தில் இரண்டு வரி இருக்கிறது. உங்களுடையதில் ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டு அடியுங்கள்.